வித்தியாசமே இல்லாத நிலையம்

நிலையத்தை மூட வருகிறவருக்கு டீ போடுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து எனக்குள் ஒரே சண்டை. போட்டால் மானங்கெட்டவள், போடாவிட்டால் மரியாதை தெரியாதவள். இரண்டில் எது தேவலை என்று முடிவு செய்வதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்தேன். துடைத்த துணியை அலசிக் கொடியில் போட்டேன். போட்டதைத் திரும்பப் போய் நேராக இழுத்துவிட்டு வந்தேன். லீவு போட்டு வீட்டில் இருந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. அதிலும் அன்று, எங்கள் இரண்டு பேர் தலையெழுத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்துகொண்டிருந்தார்.

என் கணவர் வானிலை நிலையத்தில் அளவு எடுக்கிறவர். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஊர் முடிகிற இடத்தில் கம்பிவேலி போட்ட ஒரு புல்தரை. நடுவில் நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி. வெயில் படாமல் காற்று மட்டும் போய்வர, பக்கமெல்லாம் சாய்வாகப் பட்டைகள் அடித்திருக்கும். அதற்குள் வெப்பமானிகள். கொஞ்சம் தள்ளி மழை அளக்கிற குவளை, கம்பத்து உச்சியில் காற்றில் சுற்றுகிற கிண்ணங்கள், ஓர் ஓரத்தில் ஒற்றை அறை அலுவலகம். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் குடியிருப்பு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர் ஆபீஸ் முழுவதும் தெரியும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவர் போய்ப் பெட்டியைத் திறந்து, வெப்பமானியைப் படித்து, மேகத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். முன்பு கூட இன்னோர் ஆள் இருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. பிறகு இரவு அளவு வேண்டாம் என்றார்கள். அப்புறம் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்க அனுமதி இல்லை என்றார்கள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. போ என்று வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் முதலில் நாற்காலியைத்தான் எடுப்பார்கள்.

ஊரில் அவருக்கு மழைக்காரர் என்று பெயர். காயப்போட்ட துணி நனைந்தாலும் அவரைத்தான் பிடிப்பார்கள், கிணறு வற்றினாலும் அவரைத்தான் பிடிப்பார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். “ஆமாங்க, ஏமாத்திருச்சுங்க” என்று, ஏதோ அவர்தான் மேலிருந்து ஊற்ற மறந்துவிட்டவர் மாதிரி தலையைச் சொறிவார். தையற்காரர் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை தைத்துக் கொடுத்து “சரியா இருக்குல்ல சார்” என்று கேட்டால், “கச்சிதம்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்புறம் நான் போய்ச் சண்டை போட வேண்டும். எங்கள் வீட்டில் சண்டை இலாகா என்னுடையது. நான் ஊர் மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன். டாக்டர் எழுதியது புரியாவிட்டால் நானாக யூகித்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. மாடி ஏறிப்போய் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன்.

கல்யாணமாகி முதல் பல வருஷம் நாங்கள் பத்திரிகையில் மட்டும்தான் கணவன் மனைவி. அவரை முதலில் ஒரு தீவில் போட்டார்கள், அடுத்து ஒரு மலையில். என்னை எந்தப் பக்கமும் மாற்றவில்லை. லீவு கிடைத்தால் வருவார், வந்த அலுப்புத் தீருவதற்குள் மூட்டை கட்டுவார். “இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா” என்று பெரிய நாத்தனார் பத்துப் பேர் முன்னால் கேட்டபோது, குழந்தை என்ன தபாலிலா வரும் என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னுடன் பேசுவதில்லை. அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அதற்கப்புறம் எத்தனையோ மனு போட்டு, எத்தனையோ பேர் அறை வாசலில் கால் கடுக்க நின்று, ஒருவழியாக இரண்டு பேருக்கும் ஒரே ஊரில் வேலை வாங்கினேன். குழந்தைக்கான வயது அதற்குள் தாண்டிவிட்டது. சரி, இருக்கிற இரண்டு பேராவது ஒரு கூரையின் கீழ் இருப்போம் என்றுதான் இந்த வீட்டில் காலை வைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு தட்டில் சாப்பிடுவது மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

நிலையத்தை மூடினால் அவரைத் தலைமை அலுவலகத்துக்குத் தூக்கிவிடுவார்கள். அந்த நகரத்தில் எனக்குக் காலியிடம் இல்லை, இப்போதைக்கு வரப்போவதும் இல்லை என்று என் இலாகா எழுத்திலேயே கொடுத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் அவர் ஒருவர் சம்பளத்தில் அந்த நகரத்தில் மாடிப்படிக்கு அடியில்தான் குடியிருக்க முடியும். ஆக, மூடினால் பழையபடி நான் ஓர் ஊர், அவர் ஓர் ஊர்.

மற்ற நிலையங்கள் மூடிக்கொண்டே வந்ததை நாங்கள் போனில்தான் பார்த்தோம். அளவு எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். காலையில் ஆளுக்கு ஒரு வரி போடுவார்கள், இன்ன வெப்பம், இன்ன காற்று, இவ்வளவு மழை என்று. ஒரு நிலையம் மூடும் நாளில் அந்த ஆள் தன் கடைசி அளவைப் போட்டு, கீழே ஒரு கும்பிடு படம் போடுவார். கொஞ்ச நேரத்தில் ‘வெளியேறினார்’ என்று வரும். முதலில் எல்லோரும் அழுகைப் படம் போட்டு ஆறுதல் சொன்னார்கள். பிறகு கட்டைவிரல் படம் போட்டார்கள். பிறகு யாரும் எதுவும் போடவில்லை. என் கணவர் போனை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் எங்கள் புல்தரைக்கும் மெஷின் வந்தது. ஒரு கம்பம், அதில் தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கூடு, கீழே எண் காட்டுகிற சின்னத் திரை. அதுவே அளந்து அதுவே அனுப்பிவிடும். டீ கேட்காது, லீவு கேட்காது, பெண்டாட்டி பின்னாலேயே வந்து மாற்றல் கேட்டு மனு போடமாட்டாள். ஆறு மாதம் மெஷினும் ஆளும் சேர்ந்து அளக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு என்றார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. ஆள் முதலில் தன் வெப்பமானியைப் படித்து அளவை அனுப்பிவிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் மெஷின் திரையைப் பார்க்கலாம். இதை அவரே ஒரு நாள் சாப்பிடும்போது எனக்கு விளக்கினார். மெஷின் கெட்டுப்போக வேண்டும் என்று நான் வேண்டாத நாள் இல்லை. வேறு ஓர் ஊரில் மெஷினுக்குள் பல்லி குடித்தனம் செய்து, அந்த ஊரில் நட்ட நடு வெயிலில் பனிக் குளிர் என்று தகவல் போனதாம். அதைக் கேட்டு அன்று முழுவதும் எனக்கு நல்ல பசி. எங்கள் ஊர்ப் பல்லிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அதிகாரி வருகிற அன்று காலை, ஜன்னல் வழியாக என் கணவர் அளவு எடுக்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நாளில் அந்த நேரத்துக்கு நான் மருத்துவமனையில் இருப்பேன். அதனால் இத்தனை மாதத்தில் இதை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை. வேலிக்கதவைத் திறந்து உள்ளே போனவர், வெள்ளைப் பெட்டிக்குப் போகவில்லை. நேராக மெஷினிடம் போனார். குனிந்து திரையைப் பார்த்தார். அப்புறம் பெட்டிக்கு வந்து கதவைத் திறந்தார், அரை நிமிஷம்கூட இல்லை, மூடிவிட்டார். போனை எடுத்து அளவை அனுப்பினார்.

கரண்டியைப் போட்டுவிட்டு நான் வேலி வரைக்கும் போனேன்.

“என்னங்க, முதல்ல பெட்டியைத்தானே பாக்கணும்?”

“பாத்தேனே.”

“மெஷினைப் பாத்துட்டுப் பாத்தீங்க.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், திரும்பவும் போட்டார்.

“எத்தனை நாளா?” என்றேன்.

“கத்தாத. உள்ள வா, சொல்றேன்.”

நான் கத்தவில்லை. என் சாதாரணக் குரலே அப்படித்தான். உள்ளே போய் உட்காரவைத்துக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெப்பமானியில் கோடுகள் அரை அரை டிகிரிக்குத்தான் இருக்கும். பாதரசம் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால், புள்ளிக்கு அப்புறம் வருகிற எண்ணை ஆள்தான் கண்ணால் மதித்துச் சொல்ல வேண்டும். மூன்றா நாலா என்று வரும்போது மெஷின் என்ன சொல்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கிறார். அது நாலு என்றது. திரும்ப வந்து பார்த்தால் அவருக்கும் நாலு மாதிரியேதான் தெரிந்ததாம். அப்படி ஆரம்பித்தது. இரண்டு மாதம் கழித்து மெஷின்காரர்கள் திரும்ப வந்து, களை முளைக்கிறது என்று கம்பத்தைச் சுற்றிப் புல்லை வெட்டி சிமென்ட் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வெயில் ஏறினால் மெஷின் சூடு பிடித்துவிடும். பெட்டிக்கும் அதற்கும் நன்றாகவே வித்தியாசம்.

“அதையாவது சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது? அதுவரைக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கூட வரல. திடீர்னு டிகிரிக் கணக்குல வந்தா என் கண்ணுதான் போச்சுன்னு சொல்லுவாங்க. ஆளு சரியில்ல, மூடுன்னுடுவாங்க. அதான் மெஷின் சொல்றதையே...”

“அப்படியே எழுதிட்டீங்க.”

“உனக்காகத்தான்” என்றார். “எப்படியாவது இங்கேயே இருக்கணும்னுதானே உயிரை விட்ட.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவு எடுக்க எந்த மெஷினும் கிடையாது. தையற்காரரிடம் கச்சிதம் என்று சொன்ன அதே மனிதர், ஆறு மாதமாக ஓர் இரும்புக் கம்பத்திடமும் கச்சிதம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு என் பெயரை வேறு இழுக்கிறார். வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன். வாசலில் ஜீப் வந்து நின்றுவிட்டது.

அதிகாரியை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். வந்தவர் என்னைவிட இளையவர், ஒல்லியான பெண், முதுகில் ஒரு பை, காலில் சேறு அப்பிய கான்வாஸ் ஷூ. ராத்திரி பூராவும் பிரயாணம் செய்த அசதி கண்ணில் தெரிந்தது. “அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டார். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் என்ன செய்வது. தண்ணீரும் கொடுத்தேன், டீயும் போட்டேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். என் கணவர் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“இந்த மாசம் எத்தனை இடம் மூடினேன்னு எண்றதையே விட்டுட்டேன் சார்” என்றார் அதிகாரி. “நானும் ஆரம்பத்துல பெட்டி படிச்சவதான். எனக்கொண்ணும் இது சந்தோஷம் இல்ல. போன வாரம் ஒரு இடத்துக்கு மூடத்தான் போனேன், மூட முடியல.”

“ஏன் மேடம்?” என்றேன் நான், கதவிலிருந்து.

“மெஷினுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் வந்துச்சுக்கா. வித்தியாசம் வந்தா, ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் ஆளை எடுக்கக் கூடாது. விதியே அதான். மெஷினை வேற இடத்துல வெச்சு மறுபடி முதல்லேர்ந்து அளக்கணும். அங்க இன்னும் ஒரு வருஷமாவது ஓடும்.” அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். “உங்களது அப்படி இல்ல சார். ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கு ரெண்டும். வித்தியாசமே இல்ல. எங்க ஆபீஸ்ல உங்க அளவைத்தான் மத்தவங்களுக்கு எடுத்துக் காட்டறோம், இப்படிப் படிக்கணும்னு. அதான் மூடற பட்டியல்ல உங்களது முதல்லயே வந்திருச்சு.”

“ஆமாங்க மேடம்” என்றார் என் கணவர். வேறு என்ன சொல்வார்.

நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. மூடிவிடுவார்களே என்று பயந்து பயந்து அவர் ஒளித்து வைத்த வித்தியாசம்தான் நிலையத்தைக் காப்பாற்றியிருக்கும். தன் கையாலேயே பூட்டைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பிரமாதமாகப் படிக்கிறவர் என்ற பாராட்டு வேறு.

காலி டம்ளரை வைக்கிற சாக்கில் என் கணவர் உள்ளே வந்தார். நாங்கள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினோம்.

“கேட்டீங்கல்ல?”

“கேட்டேன்.”

“போய்ச் சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது? காப்பியடிச்சேன்னா? இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு மெமோ கிடையாது. தீவுல புயலடிச்சு கூரை போன அன்னிக்குக்கூட அளவு அனுப்பினவன் நான். அது ஒண்ணுதான் நான் சேத்து வெச்சது.”

அது உண்மை. அவரிடம் பணம் இல்லை, வீடு இல்லை, சாமர்த்தியம் சுத்தமாக இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதைப் பிடுங்கப்போகிற ஆள் நானா என்று நினைத்தபோது, என் கோபம் கொஞ்சம் தடுமாறியது.

“இப்ப என்ன நடக்கும்?” என்றேன்.

“கடைசியா ஒரு அளவு எடுக்கணும். நான் பெட்டியில, அவங்க மெஷின்ல, ஒரே நேரத்துல. ரெண்டும் ஒத்துப் போனா கையெழுத்து, பூட்டு. அவ்வளவுதான்.”

“நீங்கதான் மெஷினைப் பாக்க முடியாதே.”

“பாக்கவே வேண்டாம். இந்த வெயிலுக்கு அது எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். பெட்டியில இருக்கறதுக்கு மேல கிட்டத்தட்ட ஒரு டிகிரி போட்டுச் சொன்னா, ஒட்டிப் போயிடும்.”

ஆக, அவர் கையில் இரண்டு எண் இருந்தது. மெஷின் சொல்லப்போவதைச் சொன்னால் அவர் பெயர் பிழைக்கும், அவர் நகரத்துக்குப் போவார், நான் இந்த ஊரில் ஒரு தட்டை மட்டும் கழுவிக்கொண்டிருப்பேன். கண்ணில் பட்டதைச் சொன்னால் நிலையம் பிழைக்கும், ஆனால் ஆறு மாதமாக அவர் செய்தது அந்த நிமிஷமே வெட்டவெளிச்சமாகிவிடும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று பூசி மெழுக நடுவில் ஓர் எண் கிடையாது.

நானே போய்ச் சொல்லிவிடலாம். இரண்டு எட்டு வைத்தால் போதும், வாய் எனக்குப் புதிதா என்ன. ஆனால் நான் சொன்னால் அது கோள் சொல்வது. அப்படிக் காப்பாற்றிய வீட்டில் அவர் என் எதிரே எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவார்? குழாயை மூடினேன்.

“நான் வாயைத் திறக்க மாட்டேன்” என்றேன். “உங்க கண்ணு, உங்க வாய். நீங்களே பாத்துக்கோங்க.”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொன்னபடி கேட்டுவிட்டு, நாளைக்கு என்னைக் குறை சொல்லலாம்.

மதிய அளவுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதிகாரி அலுவலக அறையில் சாமான்களைச் சரிபார்த்தார். நான் என்னென்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது. அலமாரியைத் திறந்து மூடினேன். கழுவிய பாத்திரங்களைத் திரும்பக் கழுவினேன். அவருடைய சட்டைகளை மடித்து அடுக்கிவிட்டு, ஐயோ இது மூட்டை கட்டுவது மாதிரி ஆகிவிட்டதே என்று திரும்பக் கலைத்துப் போட்டேன். நடுவில் நாலு தடவை வேலி வரைக்கும் போய்வந்தேன். ஜீப் டிரைவர் என்னைப் பார்த்து, “ஏதாவது தொலைஞ்சு போச்சாம்மா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

ஒருவழியாக நேரம் வந்தது. வெயில் உச்சியைத் தாண்டி நின்றது. அதிகாரி மெஷின் பக்கத்தில் போய், திரையை மறைத்து எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். என் கணவர் வெள்ளைப் பெட்டிக்கு எதிரே. நான் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி சுட்டது, ஆனாலும் விடவில்லை.

“சார், நான் கையை இறக்கினதும் படிங்க. முதல்ல நீங்க சொல்லணும், அப்புறம்தான் நான்” என்றார் அதிகாரி. கையை உயர்த்தினார். கொஞ்சம் பொறுத்து இறக்கினார்.

என் கணவர் பெட்டிக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே கொடுத்தார்.

படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணை வைத்து எடுக்கிற நேரம்தான். அவர் எடுக்கவில்லை. அவருடைய கழுத்தின் பின்பக்கம் வியர்வை வழிந்து காலர் நனைவது எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை தலையை மெஷின் பக்கம் லேசாகத் திருப்பினார். அங்கே அதிகாரியின் முதுகுதான் இருந்தது. திரும்பப் பெட்டிக்குள் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆறு மாதமாக யாரோ சொல்லக் கேட்டுப் படித்த கண், இன்று துணைக்கு ஆள் இல்லாமல் திணறுகிறது என்று எனக்குப் புரிந்தது. என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் என்ன ஜாடை காட்டியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் இருந்தது இரக்கம் மட்டும்தான். எதையாவது சொல்லிவிட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

“சார்?” என்றார் அதிகாரி.

“முப்பத்தொண்ணு புள்ளி ஆறு” என்றார் அவர்.

அதிகாரி உடனே திரும்பவில்லை. திரையை இன்னும் குனிந்து பார்த்தார்.

“மறுபடி படிங்க சார்.”

“முப்பத்தொண்ணு புள்ளி ஆறு.”

“இங்க முப்பத்திரண்டு புள்ளி அஞ்சு. நீங்க சரியாப் பாருங்க.”

வாழ்க்கையில் யார் எதைச் சொன்னாலும் ‘நீங்க சொன்னா சரிதான்’ என்று சொல்கிறவர், பெட்டியிலிருந்து முகத்தை எடுத்து அதிகாரியை நேராகப் பார்த்தார். “சரியாத்தான் பாக்கறேன் மேடம். ஆறுதான்.”

அதிகாரி புல்தரையைத் தாண்டி வந்தார். அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. மெஷின் கம்பத்தையும், அதன் அடியில் வெள்ளையாகப் பளபளத்த சிமென்ட்டையும் பார்த்தார். விஷயம் தெரிந்தவர், சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

“ஆறுதான்” என்றார் மெதுவாக. “அப்போ இத்தனை மாசமா ஒரு நாள்கூட இந்த வித்தியாசம் வரலியே சார். எப்படி?”

“இன்னிக்குத்தான் மேடம் மெஷினைப் பாக்காமப் படிச்சேன்.”

மேலே கிண்ணங்கள் சுற்றுகிற கிறீச் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி அலுவலகப் படியில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் என் கணவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

“இதை நீங்க எழுத்துல தரணும் சார்.”

“தர்றேன்.”

“ஊதிய உயர்வை நிப்பாட்டுவாங்க. விசாரணை வரும். உங்க அளவைத்தான் எல்லா இடத்துக்கும் நல்ல உதாரணம்னு அனுப்பியிருக்கோம். இப்ப அதே ஆளுங்களுக்கு, இப்படிச் செய்யாதீங்கன்னு உங்க நிலையத்துப் பேரைப் போட்டு அனுப்பியாகணும்.” அவர் என்னைப் பார்த்தார். “உங்களுக்கு இது தெரியுமாக்கா?”

“காலையில தெரிஞ்சுது.”

“சொல்லலியே நீங்க.”

“அது அவர் சொல்ல வேண்டியது” என்றேன்.

அவர் தலையாட்டினார். மூடுவதற்காகக் கொண்டுவந்த தாள்களைத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். மெஷினைப் பிடுங்கிப் புல்லில் நட்டு, மறுபடி முதலிலிருந்து ஒரு வருஷம் அளக்க வேண்டும் என்றார். அதுவரை மெஷின் திரைக்குப் பூட்டு. சாவி தலைமை அலுவலகத்தில். இந்த ஊருக்கு வேறு ஆள் யாரும் கிடைக்கமாட்டார்கள், அதனால் படிப்பது இவரேதான். “அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது சார். நான் இருப்பேனான்னே தெரியாது” என்றார். கிளம்பும்போது ஜீப்பில் ஏறின பிறகு இறங்கி வந்து, என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஜீப் போன பிறகு என் கணவரைத் தேடினேன். வெள்ளைப் பெட்டியின் அடியில், அது போட்ட துண்டு நிழலில், புல்லில் உட்கார்ந்திருந்தார். வேலிக்கதவைத் திறந்து நானும் உள்ளே போனேன். பார்வையாளர் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. அவர் அன்று அதைச் சொல்லவில்லை.

“எல்லாருக்கும் போகும்” என்றார். “குழுவுல மிச்சம் இருக்கறவங்க, வெளியே போனவங்க, எல்லாரும் படிப்பாங்க. தீவுல என்கூட இருந்தவன் படிப்பான்.”

“படிக்கட்டும்.”

“பேர் போச்சுடி.”

ஒரு வருஷம் கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் வந்த சந்தோஷம், அந்தக் குரலைக் கேட்டதும் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பெயரைக் கொடுத்துத்தான் இந்த ஒரு வருஷத்தை அவர் வாங்கியிருக்கிறார். எனக்காகத்தான் காப்பியடித்தேன் என்று காலையில் சொன்னபோது பற்றிக்கொண்டு வந்தது. மதியம் எனக்காக என்று அவர் வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“போனா போகட்டும்” என்றேன். “நீங்க போகலியே.”

அவர் முகத்தை முழங்காலில் வைத்து அழ ஆரம்பித்தார். தோள் குலுங்க, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இத்தனை வருஷத்தில் எந்த ரயிலடியிலும் அவர் அழுது நான் பார்த்ததில்லை; அங்கெல்லாம் அழுதது நான். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தேன். சட்டை நனைந்து சில்லென்று இருந்தது. அழுது முடிக்கட்டும் என்று அப்படியே இருந்தேன்.